ஒழுக வேண்டிய கூரை

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். "நல்லதா, சந்தோசமா ஏதும் எழுதுங்கோ அங்கிள், பிள்ளையளும் வாசிக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு தரம் தொடங்கினேன். இரண்டு தரமும் கோபமாகத்தான் வந்தது. சரி, கோபமாகவே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடாமல் விடட்டும்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெனிஸ் நகரமான வைலேயில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இப்போது எங்கள் ஆட்கள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு கதை உலவுகிறது. "அந்த மனிசன் பென்சனுக்குப் போற நேரத்தில ஒரு வெள்ளைக் கிழவியின்ர கதையைக் கேட்டு மனேச்சரோட கொளுவினவர்" என்று. கொளுவியது உண்மை. எதற்காகக் கொளுவினேன் என்று இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சண்டைக்காரன் அல்ல. சொல்லப்போனால் பயந்தவன். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுக் கார்வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அடுப்பு அணைந்ததா, தண்ணீர்க் குழாய் மூடியதா, கடிதத்தில் முத்திரை ஒட்டியதா என்று மனம் ஓயாது. "உங்களுக்குப் பயப்பிட ஒண்டும் இல்லாட்டி, ஏன் ஒண்டும் இல்லை எண்டு அதுக்கும் பயப்பிடுவியள்" என்பாள் மனைவி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இக்காஸ்ட்டில் துணி ஆலையில் நின்றேன். ஆலை மூடியது. மொழி வகுப்பு, கையலுவல் பயிற்சி என்று சில காலம் அலைந்தேன். பிறகு வைலே இல்லத்தில் பெடெல் வேலை கிடைத்தது. கட்டடத்தையும் வளவையும் பார்க்கிறவனுக்கு டெனிசில் அதுதான் பெயர். பல்பு மாற்றுவது, சக்கர நாற்காலிக்குக் காற்றடிப்பது, பனி வழிப்பது, புல்லு வெட்டுவது. பென்சன்வரை அதே வேலைதான்.

ரூத் அம்மா இல்லத்துக்கு வந்தது ஒரு கோடையில். முன்பு கோல்டிங்கில் இருந்தவர். யூத சமயம். எங்கள் இல்லத்தில் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். கால் இரண்டும் நடக்க விடாது. நாக்கு மட்டும் எல்லாப் பக்கமும் நடக்கும். வந்த முதல் வருடமே என்னைக் கூப்பிட்டு, இலையுதிர் காலத்தில் தனக்கு வளவில் ஒரு குடில் கட்டித் தரமுடியுமா என்று கேட்டார். ஒரு கிழமை அதற்குள் இருந்து சாப்பிடவேண்டுமாம். அப்போதிருந்த மேலாளர், "கட்டிக் குடு, புல்லைக் கிண்டாத" என்று மட்டும் சொன்னார். (அங்கே கதைத்ததெல்லாம் டெனிஸ். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.)

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் சுதாவிடம் கேட்டேன். சுதா மட்டக்களப்புப் பிள்ளை, வேதக்காரி.

"அது கூடாரப் பண்டிகை அண்ணன். பைபிளில இருக்கு. எகிப்தில இருந்து வெளிக்கிட்டு வனாந்தரத்தில வீடில்லாமத் திரிஞ்சாங்கதானே, அத நினைச்சு வருசா வருசம் குடில் போடுவாங்க."

"வீடில்லாமத் திரிஞ்சதையோ கொண்டாடுறது?"

"என்னைக் கேட்டா? போய் அவங்களக் கேளுங்க."

கேட்கவில்லை. குடில் என்றால் எனக்குத் தெரியாததா? எங்கள் ஊரை ஆமி எடுத்த பிறகு எத்தனை கொட்டில் கட்டியவன் நான். முன்பக்கப் புல்வெளியில், வீதியைப் பார்த்தபடி, பலகைச் சட்டத்தில் ஒரு கொட்டில் எழுப்பினேன். மூன்று பக்கமும் பழைய திரைச்சீலை. கூரைக்கு, கடனீரேரிக் கரையில் ஓலைவீடு வேய்கிறவர்களிடம் மிஞ்சிய நாணல் கட்டுகளைக் கேட்டு வாங்கினேன். தென்னங்கிடுகு வேய்கிறமாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இறுக்கிக் கட்டினேன். காற்றுக்குப் பயந்து மேலால் இன்னொரு கயிறு. அன்றே நல்ல மழை. உள்ளே போய் நின்று பார்த்தேன். ஒரு துளி இல்லை. சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சு நிமிர்ந்தது.

ரூத் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தோம். கழுத்தைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தார்.

"வானம் எங்கை?"

"வானம் வெளியில இருக்கு."

"மழை உள்ளுக்கு வராதோ?"

"ஒரு துளி வராது!"

"அப்ப இது சரிவராது, சிவா. இது வீடு. நான் வீட்டில இருந்துதானே வாறன். கூரையைப் பிரியும்."

கூரை, மண்ணில் முளைத்து வெட்டப்பட்ட கொப்பு இலையாக இருக்கவேண்டுமாம். வெயிலைவிட நிழல் கூட இருக்கவேண்டுமாம். ஆனால் இருண்டபின் நிமிர்ந்தால் நட்சத்திரம் தெரியவேண்டும், பெரிய மழை பெய்தால் உள்ளே விழவேண்டும். இல்லாவிட்டால் அது குடிலே இல்லையாம்.

எனக்கு வந்தது கோபம். இல்லத்து ஆட்களோடு நான் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்ந்துவிட்டது.

"ஒழுகிற கூரைக்குக் கீழ என்ர அம்மா செத்தவ. கோயில் வளவில, உரப்பையால வேய்ஞ்ச கொட்டிலுக்குள்ள, கார்த்திகை மழையில, நெஞ்சுச் சளி கட்டிச் செத்தவ. உங்களுக்கு அது பண்டிகையோ? விளையாட்டோ?"

நான் சாமானைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். வேலை போகப்போகிறது, முறைப்பாடு வரப்போகிறது என்று வீட்டில் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் அவர் சுதாவை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கத் தயாராய்ப் போனேன். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை.

"இரும். யுத்த நேரம் நான் சின்னப் பிள்ளை. ஜேர்மன்காரர் எங்களைப் பிடிக்க வாறாங்கள் எண்டு தெரிஞ்ச உடனே மீன்பிடி வள்ளத்தில சுவீடனுக்கு ஓடினனாங்கள். அங்கை ஒரு மண்டபத்தில எல்லாரையும் இருத்தினவை. கொஞ்ச நாளில இந்தப் பண்டிகை வந்திட்டுது. அப்பா சொன்னார், 'இந்த வருசம் குடில் தேவையில்லை, நாங்கள் அதுக்குள்ளதானே இருக்கிறம்' எண்டு. உம்மை மாதிரித்தான், சரியான கோபம் அவருக்கு."

"அம்மா?"

"அம்மாவுக்கு அதைவிடக் கோபம். 'இது எங்களைத் துரத்தி இருத்தின இடம். அது நாங்கள் கட்டுறது. ரண்டும் ஒண்டில்லை' எண்டு சொல்லிப்போட்டு, வெளியில போய் ஊசியிலைக் கொப்பை முறிச்சுக்கொண்டு வந்து சுவரோட சாத்தினா. அதுக்குக் கீழ நிண்டு பாண் திண்டனாங்கள். மழை பெய்தது."

நான் எழும்பி யன்னலால் கொட்டிலைப் பார்த்தேன்.

"உங்களுக்கு இப்ப கோபம் போயிட்டுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. உமக்கு?"

"எனக்கும் இல்லை."

"நல்லது. அப்ப ரண்டு பேரும் கோபத்தோடையே கட்டுவம். கூரையைப் பிரியும்."

பிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கட்டினேன். அவர்களுக்கு ஒரு பெரிய விரதநாள் உண்டு, செய்த பிழைகளை நினைத்து ஒன்றும் உண்ணாமல் குடியாமல் இருப்பது. அது முடிந்த கையோடு குடிலுக்கு முதல் தடியாவது நடவேண்டும் என்பது வழக்கம். விரதத்துக்கு அடுத்த காலை நான் வேலைக்கு வரும்போதே ரூத் அம்மா யன்னலைத் தட்டுவார். நாணலை விட்டுவிட்டு ஊசியிலைக் கொப்புக்கு மாறினேன். கொப்பை வெட்டின பக்கம் வெளியே தெரியவைத்து, சட்டத்தின்மேல் குறுக்காகப் பரப்பவேண்டும். ஆணி அடிப்பதில்லை, கட்டுவதுமில்லை, பாரத்திலேயே கிடக்கவேண்டும். எனக்கு அதுதான் உயிர்போகிற வேலை. காற்றுக்குப் பறந்து வீதியில் ஒரு சைக்கிள்காரனின் தலையில் விழுந்தால்? சட்டத்துக்கு மட்டும் இரட்டைக் கயிறு போட்டு முளையடித்தேன். பரப்பி முடிந்ததும் ரூத் அம்மாவைக் கீழே இருத்துவோம். அவர் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்து, "அந்தக் கொப்பை எடும். இல்லை, மற்றதை. இப்ப சரி" என்பார். வானம் துண்டு துண்டாய்த் தெரியும்.

எலுமிச்சையைப்போல ஒரு பெரிய பழமும், குருத்தோலையும், வேறு இரண்டு வகைக் கொப்புகளும் தபாலில் கொப்பனேகனில் இருந்து வரும். அவற்றைச் சேர்த்துப் பிடித்து நாலு திக்கும் மேலும் கீழும் ஆட்டி வணங்குவார். குருத்தோலையைக் கண்டதும் நான் தோரணம் பின்னட்டோ என்று கேட்டேன். "தொடாதையும்!" என்று கையில் தட்டினார்.

அந்த ஒரு கிழமை சந்தோசமாக இருக்கவேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டளை. அதன் முடிவில் வருகிற நாளில் செத்தவர்களின் பெயரைச் சொல்லி நினைக்கவேண்டும், மழை கேட்டும் கும்பிடவேண்டும். குடிலுக்குள் இருக்கும்வரை மழை கேட்பதில்லை, அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

"வைலேயில இருந்துகொண்டு மழைக்குக் கும்பிடுறியளோ?" என்று கேட்டேன்.

"அந்த இடம் வரேக்க நான் சத்தத்தைக் குறைச்சுத்தான் சொல்லுறனான்" என்றார்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன், இவ்வளவு பண்டிகை எதற்கு, மனதுக்குள் நினைத்தால் போதாதா என்று. "மனம் மறந்துபோகும், சிவா. அடிமையா இருந்ததை நினைக்கிற பண்டிகையில கைப்பான இலையைத் தின்னுறம், வாய் நினைக்கும். விரதத்தில வயிறு நினைக்கும். இதில குளிருது எல்லே, முதுகு நினைக்கும்." அதைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டுத் திவசத்தை நான் யோசித்துப் பார்த்தேன். வெள்ளி சனியில் வைத்தால் ஆட்கள் வருவார்கள் என்று திகதியை மாற்றி, மண்டபம் எடுத்து, சாப்பாட்டுக்குச் சொல்லி, படம் பிடித்து அனுப்புகிறோம். எங்கள் முதுகுக்கு என்ன தெரியும்?

இருக்கட்டும். கோபம் அங்கே இங்கே தாவுகிறது.

லீனா புதிய மேலாளராக வந்தது நான் பென்சனுக்குப் போவதற்கு முந்திய வருடம். பழைய மேலாளர் "ஏலாது!" என்று கத்துவார். அவரோடு சண்டை பிடிக்கலாம், பின்னேரம் கோப்பி குடிக்கலாம். லீனா ஒருநாளும் "ஏலாது" என்று சொன்னதில்லை. கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, முழுதாகக் கேட்பார். இடையில் பேசமாட்டார். கேட்டு முடித்ததும் உங்கள் முன்னங்கையில் மெதுவாகக் கை வைப்பார். "நாங்கள் ஒரு வழி கண்டுபிடிப்பம்" என்பார். அந்தச் சொல் வந்தால் அலுவல் முடிந்தது என்று அர்த்தம். நல்லதாக அல்ல. யன்னலைத் திறக்கக் கேட்ட கிழவருக்கு வழி கண்டுபிடித்தார்: யன்னல் படம் போட்ட ஒரு நாட்காட்டி கொடுத்தார். நான் கண்ணால் கண்டது.

அந்த இலையுதிர் காலத்தில், நான் சட்டப் பலகையை வெளியே எடுத்து வைத்த அன்றே கூப்பிட்டார்.

"சிவா, நீங்கள் செய்யிறது சரியான அழகான வேலை. ஆனா இந்த முறை வீதியில போற ஆக்களுக்குத் தெரியிற மாதிரி வேண்டாம். இப்ப காலம் அப்பிடி. நியூஸ் பாக்கிறியள்தானே. எல்லாற்றை பாதுகாப்பையும் நான் யோசிக்கோணும்."

"ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"இல்லை, இல்லை. சொல்ல முதலே யோசிக்கிறதுதானே நல்லது."

"அப்ப என்ன செய்யிறது?"

கை வந்து முன்னங்கையில் இருந்தது. "நாங்கள் ஒரு வழி கண்டுபிடிப்பம்."

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நியூஸ் நானும் பார்க்கிறவன்தான். ஒருவன் கல்லெறிந்தால், நெருப்பு வைத்தால் என்று யோசித்து யோசித்துக் கிடந்தவன். ஆனால் நான் பயந்தபோது கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். லீனா பயந்தபோது ஆளை ஒளிக்கப் பார்த்தார். ஒரு கிழவி கொப்புக்குக் கீழே இருந்து சூப் குடிப்பதை மறைக்கவேண்டும் என்றால் பிழை யாரிடம்? கல்லெறிய நினைக்கிறவனிடமா, கிழவியிடமா? பயம் காட்டியவனை ஒன்றும் கேட்கமாட்டார்கள். பயப்பட்டவளைப் பின்வளவுக்கு மாற்றுவார்கள். எனக்கு இது புதிதல்ல. எங்களையும் எங்கள் பாதுகாப்புக்காகத்தான் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள்.

லீனா கண்டுபிடித்த வழி இதுதான். சலவை அறைக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில், பின்வளவில், வாடகைக்கு எடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரம். பிளாஸ்டிக் யன்னல். மின்சார அடுப்பு. கடதாசியில் வெட்டின மஞ்சள் இலைகள். எல்லோருக்கும் பொதுவான இலையுதிர்கால விழா என்று அறிவித்து, பூசணி சூப்பும், அக்கோடியன் வாசிக்க ஒரு மனிதரும். ரூத் அம்மாவுக்கு முதலே சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டுமாம்.

அந்த அம்மா நீலக் கோட்டும் காதுக்குத் தோடும் போட்டு வெளிக்கிட்டு வந்தார். சுதா தள்ளிக்கொண்டு வந்தது. கூடார வாசலில் நிறுத்தியதும் வழக்கம்போலக் கழுத்தைச் சாய்த்து மேலே பார்த்தார்.

"இது என்ன?"

"உங்கட குடில், ரூத்! இந்த முறை நனையத் தேவையில்லை" என்றார் லீனா.

"இது கலியாணப் பந்தல். ஆருக்குக் கலியாணம்? உனக்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். லீனாவும் சிரித்தார். ரூத் அம்மா சிரிக்கவில்லை. "என்னைத் திருப்பிக் கொண்டு போ" என்றார். அக்கோடியன்காரர் என்ன நடக்கிறதென்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். லீனா சுதாவின் காதோடு, "இண்டைக்குக் கொஞ்சம் குழப்பமா இருக்கிறா. தாதிக்குச் சொல்லி வையுங்கோ" என்றார்.

சுதா என்னிடம் வந்து பல்லைக் கடித்தது. "குழப்பம் ஆருக்கு, அண்ணன்? அந்த மனிசிக்கா, இவங்களுக்கா?"

நான் லீனாவின் அறைக்குப் போனேன். போகும் வழியில் மூன்று தரம் நின்றேன். கோபம் வந்தால் என் டெனிஸ் உடைந்துவிடும், வினை ஒரு பக்கம் பெயர் ஒரு பக்கமாகப் போகும். அப்படித்தான் போனது. அவர் குழம்பவில்லை என்றேன். இது விழா அல்ல, வழிபாடு என்றேன். அவருக்கு வேண்டியது அவராகக் கட்டுவித்த ஒரு கூரை, நீங்கள் கொடுத்தது அவரைக் கொண்டுபோய் இருத்துகிற இடம் என்றேன். நினைத்ததில் பாதிதான் வாயால் வந்திருக்கும்.

லீனா தலையைச் சாய்த்து முழுதும் கேட்டார். "உங்கட அக்கறை எனக்கு விளங்குது, சிவா" என்று முன்னங்கையில் கை வைத்தார்.

நான் கையை இழுத்தேன். வெடுக்கென்று இழுத்தேன். நான் கொளுவியது என்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான். ஒரு கை இழுப்பு.

அவர் முகம் மாறியது. "நீங்கள் பென்சனுக்குக் கிட்ட நிக்கிறியள். கடைசி மாதங்களை அமைதியாக் கழிக்கலாமே" என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அடுத்த நாள் ரூத் அம்மா திரைச்சீலையை மூடிவிட்டு இருந்தார். பண்டிகை அரைவாசி போய்விட்டது. சாப்பாட்டு மண்டபத்துக்கு வரவில்லை. அடுத்த வருடம் கட்டலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடம் அவருக்கு இருக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூச்சு அப்போதே சத்தம் போடத் தொடங்கியிருந்தது.

"சிவா, நான் இஞ்சை நோயாளியோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"என்னவா இருக்கிறன்?"

"வாடகைக்கு இருக்கிறியள்." அது உண்மை. இங்கே இல்லத்தில் ஒவ்வொருவருடைய அறையும் அவரவர் வீடு. நாங்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

"அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியில இருக்கிற வாசல் ஆற்றை?"

திரையை விலக்கிப் பார்த்தேன். ஒரு மேசை கொள்ளும் சிறிய வெளிவாசல். சுவரோரம் நீட்டிய கூரை விளிம்பைத் தவிர மேலே ஒன்றும் இல்லை. நேரே வானம். எதிரே வீதி.

"உங்கட" என்றேன். "ஆனா அம்மா, நான் வேலை நேரத்தில கட்டினால் என்னை..."

"உம்மை ஆர் வேலைக்குக் கூப்பிட்டது? இந்தப் பண்டிகைக்கு விருந்தாளியளைக் கூப்பிடோணும், அது முறை. நான் விருந்துக்குக் கூப்பிடுறன். மனிசியையும் கூட்டிக்கொண்டு வாரும். வரேக்க கொப்புக் கொண்டு வாரும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி வேண்டாம் என்பாள், அதைச் சாட்டி நிற்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். "என்ன பாக்கிறியள்? நான் மரக்கறி சூப் வைக்கிறன். உங்களுக்குப் பயமெண்டால் காருக்குள்ள இருங்கோ, நான் கட்டுறன்."

முடிவில் நடந்ததை முதலே சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுவலகத்தில் எச்சரிக்கை கிடைத்தது. ரூத் அம்மா அந்தப் பனிக்காலம் முடியமுன் காலமானார். இல்லத்தில் நடந்த பிரியாவிடையில் லீனா எழும்பி, எங்கள் இல்லத்தில் ரூத் தொடக்கிவைத்த அழகான கூடார மரபு என்று பேசினார். வருடாவருடம் அந்தப் பிளாஸ்டிக்கைத் தொடரப்போகிறார்களாம். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்காமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. இப்போது அங்கே வேலை செய்கிற தம்பி தங்கச்சிமாரே, அந்தக் கூடாரத்தில் கடதாசி இலை ஒட்டச் சொன்னால் ஒட்டுங்கள், சம்பளம் தருகிறார்கள். ஆனால் அதற்கு ரூத்தின் பண்டிகை என்று பெயர் சொல்லாதீர்கள்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

எனக்கு லீவு நாள். காரின் கூரையில் கொப்பு. நான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். விருந்துக்கு எல்லோ போகிறேன். பெடெல் உடுப்பில் வந்தான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. இல்லத்துப் பலகையைத் தொடவில்லை, வீட்டுத் தோட்டத்துத் தடிகள்தான். நான் நட்டேன், மனைவி கொப்பைப் பரப்பினாள், ரூத் அம்மா கீழே இருந்து, "அதை எடு, பிள்ளை. இப்ப சரி" என்று மனைவியிடம் சொன்னார். மனைவிக்கு டெனிஸ் அரைகுறை. இருவரும் நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

மேசையில் சூப், பாண், அந்தப் பெரிய பழம். ரூத் அம்மா எபிரேயத்தில் ஏதோ சொல்லிக் கும்பிட்டார். ஆதி முன்னோர்களை ஒவ்வொருவராகக் குடிலுக்குள் விருந்துக்கு அழைப்பது வழக்கமாம். அவர்களோடு தன் அப்பாவையும் அம்மாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உம்மட பக்கத்தில ஆர் வருகினம்?"

நான் எதிர்பார்க்கவில்லை. "என்ர அம்மா" என்றேன். "ஆனா அவவுக்கு ஒழுகிற கூரை சரிவராது."

"அப்ப அவவைச் சுவரோட இருத்தும். அந்தப் பக்கம் நனையாது."

மனைவி எழும்பித் தன் கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, தான் வாசல் படியில் இருந்துகொண்டாள். நாங்கள் சாப்பிடத் தொடங்கினோம். வீதியால் போனவர்கள் பார்த்தார்கள். ஒரு கிழவர் கையைக் காட்டினார். ஒரு காருக்குள் இருந்து யாரோ ஏதோ கத்திக்கொண்டு போனார்கள். என்ன கத்தினார்கள் என்று விளங்கவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ரூத் அம்மா பாணைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

மழை தூறத் தொடங்கியது. முதலில் கொப்பில் சத்தம், பிறகு உள்ளே ஒவ்வொரு துளியாக. அறைக்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. லீனா உள்ளே வந்தார், பின்னால் சுதா. என் கழுத்துப்பட்டியைப் பார்த்தார். கண்ணாடிக் கதவால் வெளியே வந்து, "ரூத், மழை பெய்யுது. உள்ளுக்குப் போவம், என்ன?" என்று சக்கர நாற்காலியின் பின்பிடியைப் பிடித்தார்.

ரூத் அம்மா குனிந்து பிரேக்கைப் போட்டார். ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம்.

லீனா தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "சிவா, நீங்களாவது சொல்லுங்கோ. குளிர் பிடிச்சால் நீங்கள் பொறுப்போ?"

பொறுப்பு என்ற சொல்லுக்கு வாழ்க்கை முழுதும் ஓடி ஒளித்தவன் நான். "ஓம்" என்றேன். பிறகு டெனிசிலும் சொன்னேன். "நான் பொறுப்பு."

"ஒருத்தரும் பொறுப்பில்லை. இதுக்குச் சட்டம் இருக்கு" என்றார் ரூத் அம்மா. "மழையில சாப்பாடு கெட்டுப்போனால் உள்ளுக்குப் போகலாம். கெடமுதல் போகத் தேவையில்லை. அந்த அளவு ஆண்டவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்."

கரண்டியை விட்டு ஒரு வாய் குடித்தார். நாங்கள் நாலு பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் சூப்தான்."

மழை பெருத்தது. லீனாவின் தலைமயிர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. ஆனால் உள்ளே போகவில்லை. ஆளை மழையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? சுதா கதவடியில் நின்று ஒரு போர்வையை நீட்டியது. மனைவி வாங்கி ரூத் அம்மாவின் மடியில் போட்டாள். நாங்கள் சாப்பிட்டோம். நான் நனைந்துகொண்டு சாப்பிட்டேன். என் அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் நனையவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ரூத் அம்மா இன்னொரு கரண்டி எடுத்தார். நாக்கில் வைத்து யோசித்தார்.

"இப்ப தண்ணி. கெட்டுப்போச்சு." கரண்டியை வைத்தார். "இப்ப போவம்."

லீனாவின் கை மறுபடி பிடிக்கு வந்தது. "கையை எடு, பிள்ளை" என்றார் ரூத் அம்மா. லீனா எடுத்தார். அந்த அம்மா குனிந்து, ஒரு பக்கப் பிரேக்கையும் மறுபக்கப் பிரேக்கையும் தானே விடுவித்து, இரண்டு சில்லையும் தன் கையால் உருட்டிக்கொண்டு போனார். கதவின் விளிம்பில் சில்லு தட்டி நின்றது. ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உருட்டினார். ஏறியது.